சும்மா என்றொரு வகை

செல்லப்பாண்டி எங்கள் அறைக்குள் வந்தபோது கையில் பைப் ரெஞ்ச் வைத்திருந்தார். குளிரூட்டும் குழாய் எங்கோ ஒழுகுகிறது போலும் என்று நாற்காலியை நகர்த்தி வழிவிட்டேன். அவர் குழாய்ப் பக்கமே திரும்பவில்லை. என் மேசைக்கு எதிரே வந்து நின்று, ரெஞ்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மார்க்கர் பேனாவால் 217 என்று எழுதியிருந்தது.

"மேடம், இது எங்க வீட்டுக்காரி நம்பரு. நோட்டீசுல போட்டிருக்கு. ஆறு நாள்ல கப்பல் கெளம்புதாம். அதுல இவளையும் ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாவளாம். நெசமா?"

பக்கத்து மேசையிலிருந்த இம்மானுவேல் தட்டச்சு செய்வதை நிறுத்தினான். ராயபுரத்துக்காரன், வாய் ஓயாதவன். அவனே பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று பொருள்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செவ்வாயில் எங்கள் குடியிருப்புக்கு ஆம்பல் என்று பெயர். மண்ணுக்கு அடியில் இருக்கிறோம். வந்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். காற்றோ தொண்ணூற்றாறு பேருக்குத்தான். மிச்சம் பேர் குளிர்படுக்கையில் தூங்குவார்கள், வயதும் ஏறாது. யாருடைய வேலை தேவைப்படுகிறதோ அவரை எழுப்புவோம். ஒருவர் எழுந்தால் ஒருவர் படுக்க வேண்டும். பல் மருத்துவர் வருடத்தில் மூன்று வாரம் எழுந்து, எல்லார் வாயையும் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். செல்லப்பாண்டி குழாய் வேலைக்காரர். குழாய் வேலை எந்த ஊரிலும் தீர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அதனால் வந்த ஒன்பது வருடத்தில் ஏழு வருடத்துக்கு மேல் விழித்தே இருக்கிறார்.

யாரை எப்போது எழுப்புவது என்று முடிவு செய்வது ஒரு நிரல். அது மெத்தனம் என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து உருவாக்கிய எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. பெயர் மரகதம். மொழியோடு சேர்த்து என்னையும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

மெத்தனம் என்ற பெயர் சும்மா வைத்ததல்ல. யாராவது கேட்டாலொழிய எதையும் கணக்குப் போடாத மொழி அது. 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்றால், 'ஆகட்டும்' என்று குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விடை எவருக்காவது உண்மையிலேயே வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் கூட்டும். இதைப் பெரிய பெருமையாகச் சொல்லும் நிபுணர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வேண்டாத வேலையைச் செய்யாது, வேண்டிய வேலையை இரண்டு முறை செய்யாது என்பார்கள். என் அம்மா கேட்டிருந்தால் இதற்கு மெஷின் எதற்கு, உன் தம்பி போதுமே என்றிருப்பாள்.

இந்த மொழியில் எழுதிய நிரல் ஓடுவதற்கு முன் அதைச் சோதிக்கும் கருவிக்குக் கண்டக்டர் என்று பெயர். ஒவ்வொரு சொல்லும் என்ன வகை, எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்கும். டிக்கெட் இல்லாத எதையும் ஏற்றாது, பாதி வழியில் இறங்குகிறேன் என்றாலும் விடாது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் 'ரைட்' என்று ஒரே வார்த்தை சொல்லும். இம்மானுவேல் அதற்கு ஒரு பழைய டவுன் பஸ் குரலையே வைத்துவிட்டான். கடைசியாகக் குப்பை வண்டி. யாருமே கேட்காத, யாரும் கைகாட்டாத மதிப்புகளை அது நினைவகத்திலிருந்து வாரிக்கொண்டு போய்விடும். ஆம்பலில் மதிப்புகள் என்றால் மனிதர்களும் சேர்த்தி. ஒன்பது வருடமாக யாருக்கும் தேவைப்படாத படுக்கைகளைத் திரும்பும் கப்பலில் ஏற்று என்று நிர்வாகம் உத்தரவு போட்டதும், குப்பை வண்டி நாற்பத்தொரு எண்களை வாரிப் பட்டியலாகத் தந்தது. நோட்டீசில் இருந்தது அதுதான்.

"உக்காருங்க," என்றேன். "உங்க வீட்டுல பேரு?"

"தங்கபுஷ்பம்."

"இத்தனை வருசத்துல ஒருக்காக்கூடவா எழுப்பல?"

"நானும் நிர்வாகத்துல பதினோரு மட்டம் எழுதிக் குடுத்தேன் மேடம். ஒவ்வொரு மட்டமும், கேட்டுப் பாத்தோம், தேவை இல்லன்னு வந்துட்டுங்காவ." ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு இன்னும் பதினாறு வருசம் ஒப்பந்தம் இருக்கு. நான் போக முடியாது. அவ அங்க போயி கண்ண முழிச்சா, நான் பக்கத்துல இருக்க மாட்டேன். எதுக்குத் திருப்பி அனுப்புனாவன்னுகூட அவளுக்குத் தெரியாதுல்லா?"

இம்மானுவேல் ஏற்கெனவே பதிவேட்டைத் திறந்திருந்தான். "அக்கா, இங்க வா. பதினோரு தடவ கேட்டிருக்காங்க. பதினோரு தடவையும் பதில் வந்திருக்கு. ஆனா ஆளை எழுப்பவே இல்ல."

"எழுப்பாம பதில் எப்படி வரும்?"

"அதான் பாரேன். கேட்ட அதே நொடியில பதில். என்னா ஸ்பீடு!" சிரித்தவன், பதிலைப் படித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். திரையை என் பக்கம் திருப்பினான். 217, தங்கபுஷ்பம், தொழில் என்ற இடத்தில் ஒரு சொல் இருந்தது: சும்மா.

திரையை அருகே இழுத்து இன்னொரு முறை படித்தேன். காரணம் இருக்கிறது.

எந்த மொழியிலும் 'ஒன்றும் சொல்வதற்கில்லை' என்பதற்கு ஒரு மதிப்பு வேண்டும். 'விளக்கை அணை' என்றால் அணைத்தபின் திருப்பித் தருவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் கணக்கு முடிந்தது என்று எதையாவது தர வேண்டும். மற்ற மொழிக்காரர்கள் அதற்கு வெறும் அடைப்புக்குறி போட்டுவிடுவார்கள். நாங்கள் தமிழ்ப் பெயர் வைத்தே தீருவது என்று பீளமேட்டு அலுவலக மாடியில் உட்கார்ந்து மூன்று வாரம் சண்டை போட்டோம். வெறுமை என்றார் ஒருவர், கவிதை போல் இருக்கிறது என்று தள்ளினோம். சூனியம் என்றார் இன்னொருவர், செய்வினை மாதிரி இருந்தது. "ஒண்ணுமே இல்ல, ஆனா இருக்குது. இதுக்கு நம்மூர்ல சும்மான்னுதானே சொல்லுவோம்?" என்று சொன்னவள் நான். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு இரண்டு சமோசா. அந்த மொழியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான் என்று கருத்தரங்குகளில் வேறு சொல்லியிருக்கிறேன்.

"செல்லப்பாண்டி, ஊர்ல பதிவு பண்றப்ப, இவங்க என்ன வேலை பாக்கறாங்கன்னு கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாவ. கவுண்டர்ல ஒரு புள்ள இருந்துச்சு." அவர் முகம் மெல்ல மாறியது. "நான்தான் சொன்னேன். வேலைக்கெல்லாம் போகல, வீட்டுல சும்மாத்தான் இருக்கான்னு."

நானும் இம்மானுவேலும் திரையைத் திரும்பிப் பார்த்தோம்.

"அதுல என்ன மேடம் தப்பு? எல்லாரும் அப்பிடித்தான சொல்லுவாவ?"

"தப்பு உங்க மேல இல்லீங்க. எங்க மேலதான்." எப்படி விளக்குவது என்று யோசித்தேன். "ஒரு டப்பா இருக்குதுன்னு வெச்சுக்கங்க. உள்ள ஒண்ணும் இல்லைன்னு தொறக்கறதுக்கு முன்னாலயே தெரியும். தொறந்து பாப்பீங்களா?"

"பாப்பேன்."

"ஏனுங்க?"

"டப்பா நல்லாருந்தா வேற எதுக்காச்சும் ஆகும்லா?"

இம்மானுவேல் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, நீங்க எழுதியிருக்கணும் இந்த மொழிய."

"எங்க மொழி தொறக்காதுங்க," என்றேன். "சும்மா வகையில ஒரு பதில் வரப்போகுதுன்னா, அது சும்மாதான்னு முன்னாடியே தெரியும். அப்புறம் எதுக்கு மெனக்கெட்டு வேலையை ஓட்டிப் பாக்கணும்? பதிலை நாமளே சொல்லிட்டா மிச்சம். இதை ரொம்ப புத்திசாலித்தனம்னு நினைச்சு நாங்கதான் சேர்த்தோம். உங்க மனு வர்றப்பெல்லாம் நிர்வாகம், இந்தம்மா வேலையால என்ன கிடைக்கும்னு கேட்டிருக்கு. இவங்களை எழுப்பாமலேயே, சும்மான்னு பதில் போயிருக்கு."

செல்லப்பாண்டி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ நான் சொன்ன ஒரு வார்த்தைலயா அவ ஒம்பது வருசமா அங்க கெடக்கா?"

பெயர் வைத்தவள் நான், சொன்னவர் அவர். இடையில் கண்டக்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. அதன் கணக்குப்படி சும்மா என்பது ஒழுங்காக டிக்கெட் வாங்கிய சொல்.

இம்மானுவேல் அதற்குள் மற்ற நாற்பது பேரையும் பார்த்துவிட்டான். எல்லார் தொழிலும் அதே சொல். தங்கபுஷ்பத்தோடு சேர்த்து முப்பத்தெட்டுப் பெண்கள், மகன்களோடு வந்த ஓய்வு பெற்ற இருவர், ஓர் ஓவியர். ஓவியர் தானே அப்படி எழுதிக்கொண்டாரா, அவருடைய அப்பா எழுதினாரா என்று தெரியவில்லை.

"சிம்பிள்க்கா. தொழிலை மாத்திருவோம்," என்றான். மாற்றினோம். சமையல் என்று போட்டோம். கண்டக்டர் ஏற்றுக்கொண்டது. ஆனால் எழுப்பவில்லை. சமையலுக்கு ஏற்கெனவே மூன்று பேர் விழித்திருக்கிறார்கள், நான்காவது ஆளைக் கேட்பாரில்லை. துவைப்பதற்கு இயந்திரம் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பு என்று போட்டதற்கு, பிள்ளைகளே இல்லை என்று வந்தது. குடியிருப்பில் குழந்தை வேண்டும் என்று இதுவரை யாரும் முறைப்படி கேட்கவில்லையாம்.

"பேசாம மனைவின்னே போட்டுரலாமா?" என்றான் இம்மானுவேல்.

போட்டோம். டவுன் பஸ் குரல் கேட்டது: "மனைவி தனியா ஏற முடியாது. யாருக்குன்னு சொல்லு."

செல்லப்பாண்டிக்கு என்று எழுதினோம். மனைவிக்குக் கணவன் வேண்டும், கணவனுக்கு மனைவி வேண்டும். குரல் யோசித்துவிட்டுச் சொன்னது: "சுத்திச் சுத்தி அதே ஸ்டாப்புக்குத்தான் வருது. எறங்கு."

"கல்யாணத்தைப் பத்தி இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல," என்றான் இம்மானுவேல். செல்லப்பாண்டிகூட லேசாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொய்யாக ஒரு தேவையை உண்டாக்கிப் பார்த்தோம். சோதனைக்காகத் தங்கபுஷ்பத்தை எழுப்பு என்று ஒரு வரி. எழுப்பி, பதிலை வாங்கி, அதை எங்கே பயன்படுத்தப் போகிறாய் என்று கண்டக்டர் கேட்டது. எங்கேயும் இல்லை என்றால் கேட்டதே செல்லாது. மெத்தனத்தில் பொய்யாகக் கேட்க முடியாது. அப்படித்தான் கட்டினோம், கட்டியபோது அதற்கும் கைதட்டிக்கொண்டோம். மொழியின் விதிகளை மாற்றினால் மூச்சுக் காற்றின் நிரல் உட்பட எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். குறைந்தது நாற்பது நாள். கையில் இருந்தது ஆறு.

மதியச் சாப்பாடு வந்தது, ஆறியது. செல்லப்பாண்டி போகவில்லை. தெற்கு வளைவில் வால்வு சிக்கியிருக்கிறது என்று இரண்டு தடவை அழைப்பு வந்தும் அவர் அசையவில்லை.

"ஒண்ணு சொல்லுங்க," என்றேன் அவரிடம். "உங்க வீட்டுல என்ன வேலை செய்வாங்கன்னு கேக்கல. நீங்க சாயங்காலம் வீட்டுக்கு வந்தா என்ன நடக்கும்? வரிசையா சொல்லுங்க."

"என்ன நடக்கும்? வருவேன். சட்டையக் கழட்டுவேன். அவ கேப்பா."

"என்னன்னு?"

"மூணாந் தெரு வால்வு என்னாச்சுன்னு. நான் அப்பத்தான் ஐயய்யோன்னு திரும்பி ஓடுவேன், சரியா மூடாம வந்திருப்பேன். கைல என்ன காயம்னு கேப்பா, அதுக்குப் பொறவுதான் காயம் பட்டதே எனக்குத் தெரியும். ஒங்க அண்ணன் போன் பண்ணி எத்தன நாளாச்சுன்னு கேப்பா. உடனே பண்ணுவேன்." ரெஞ்சை மடியில் திருப்பி வைத்தார். "அவ செய்தது என்னன்னு கேட்டா சொல்லத் தெரியல மேடம். செய்ததெல்லாம் நான்தான். கேட்டது அவ."

நான் இம்மானுவேலைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

மெத்தனத்தில் யாரும் கேட்காமல் ஓர் அணுவும் அசையாது என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் எல்லாவற்றையும் அசைப்பது யார்? கேட்பவர்தான். நிரலில் அதற்குத் தனியாகவே ஒரு பட்டியல் உண்டு. அதில் இருப்பவர்கள் பதில் தர வேண்டியதில்லை, ஆனால் விழித்தே இருக்க வேண்டும். அவர்கள் யாருக்குத் தேவை என்று எவரும் கேட்க மாட்டார்கள். குப்பை வண்டி அவர்கள் பக்கமே போகாது, ஏனென்றால் யாருக்கு என்ன தேவை என்ற கணக்கே அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் ஒன்பது வருடமாக ஆறே பேர் இருந்தார்கள், ஆறு பேரும் நிர்வாகிகள். கேட்பது என்றால் மேலதிகாரி கேட்பது என்றுதான் எங்கள் எட்டுப் பேர் மூளைக்கும் தோன்றியிருக்கிறது. வீட்டில் எங்களை யார் கேட்டு எழுப்பினார்கள், யார் கேட்டுச் சாப்பிட்டோம் என்று ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"அக்கா, அந்த லிஸ்ட்ல சேக்கறதுக்கு நிர்வாகம் கையெழுத்துப் போடணுமே?"

"எங்கயாவது அப்படி எழுதியிருக்கா?"

தேடினான். எழுதவே இல்லை. வேறு யாரையும் சேர்க்கும் யோசனை எவருக்கும் வராததால், தடுக்கும் யோசனையும் வரவில்லை.

நான் தட்டச்சு செய்தேன். ஒரே வரி: தங்கபுஷ்பம், கேட்பவர். கண்டக்டர் எடுத்துக்கொண்ட நேரம் மூன்று விநாடி இருக்கும். எனக்கு அது கோயம்புத்தூரில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்த்த நேரத்தைவிட நீளமாகத் தெரிந்தது.

"ரைட்," என்றது.

செல்லப்பாண்டி ரெஞ்சை நழுவவிட்டார். அது என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. "எழுப்பிருவாவளா?"

"நாலு மணி நேரம் ஆகுங்க. ஆனா ஒரு விஷயம். இப்ப தொண்ணூத்தாறு பேரு முழிச்சிருக்காங்க. இவங்க எழுந்தா தொண்ணூத்தேழு. ஒரு மணி நேரத்துக்குள்ள யாராவது ஒருத்தர் படுத்தாகணும்."

"நான் படுக்கேன்," என்றார் உடனே. "எம் பேரப் போடுங்க. என் வேலைய தெற்கு வளைவு ஆளுக ரெண்டு மாசம் பாத்துக்கிடுவாவ."

"ஒம்போது வருசம் கழிச்சுப் பாத்துட்டு ஒரு மணி நேரத்துல படுக்கப் போறீங்களாண்ணே?" என்றான் இம்மானுவேல்.

"கப்பல்ல போகலல்லா? அது போதும்."

எழுப்பும் அறையில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். செல்லப்பாண்டி முகம் கழுவித் தலையைப் படிய வாரியிருந்தார். உள்ளங்கையிலிருந்த எண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்திருந்தது. மூடி திறந்து, ஆவி அடங்கியது. முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, கொட்டாவி விட்டு, கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே கணவரைப் பார்த்தார். முடிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"என்ன இப்பிடி நரச்சுட்டிய?"

செல்லப்பாண்டி படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒன்பது வருடம், சும்மா, கவுண்டர், கப்பல் என்று துண்டு துண்டாகச் சொன்னார். "நான்தான்ட்டி. என் வாயாலதான். சும்மா இருக்கான்னு நான் சொன்ன சொல்லுதான் ஒன்ன இங்க போட்டு வச்சிருக்கு."

தங்கபுஷ்பம் பொறுமையாகக் கேட்டார். இடையில் என்னையும் இம்மானுவேலையும் ஒரு பார்வை பார்த்தார். "இவுகதான் எழுப்புனவுகளா?"

"ஆமாங்க," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க சொன்னத அந்தக் கவுண்டர் புள்ள எழுதவே இல்ல," என்றார் கணவரிடம். "அது நல்ல புள்ள. குடும்பத் தலைவின்னு அழகா அடிச்சு வச்சிருந்துச்சு. நீங்க பொட்டியத் தூக்கப் போனிய. அப்ப நான்தான், அத அழிச்சுட்டு சும்மான்னு போடும்மான்னேன்."

செல்லப்பாண்டியின் அழுகை நின்றுவிட்டது. "எதுக்கு?"

"எதுக்கா? பதினாலு வருசம். காலைல நாலரைக்குக் குடத்தத் தூக்குனா ராத்திரி பத்தரை. காய்ச்சல்னு படுத்தாக்கூட ஒங்க அம்மை வந்து நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, சூடு இல்லியேன்னு எழுப்பிருவாவ. குடும்பத் தலைவின்னு போட்டா, வேற கெரகத்துல போயி எறங்குனாலும் முதல்ல என்னத்தான் எழுப்புவாவ, அடுப்பப் பத்த வைக்க. சும்மான்னு போட்டா நாலு நாளாவது விடுவாவல்லா?" குரலில் கோபம் இல்லை. நேற்றுச் செய்த காரியத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். அவருக்கு அது நேற்றுதான். "ஒம்பது வருசம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனா நல்லாத் தூங்குனேன்."

பிறகு என்னிடம் திரும்பினார். "எழுப்புறது சரி. ஒரு வார்த்த கேட்டியளா?"

தூங்குகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லலாம். சொல்லவில்லை. இத்தனை பேரைப் படுக்க வைத்தோம். படுக்க வைக்கும் முன் எல்லாரும் விழித்துத்தான் இருந்தார்கள். ரத்த வகை கேட்டோம், எடை கேட்டோம், பல் எத்தனை என்றுகூடக் கேட்டோம். என் பெயர் வைத்த சாமர்த்தியத்தால் ஒரு பெண் வீணாகத் தூங்கிவிட்டாள் என்று காலையிலிருந்து நான் உருகிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அவரே கேட்டு வாங்கியிருப்பார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. தொண்ணூற்றேழு. செல்லப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் படுக்கைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார்.

"அங்க எங்க போறிய?"

"காத்து பத்தாது. ஒருத்தர் படுக்கணும். நீ இரு."

"இப்பத்தான் எந்திரிச்சிருக்கேன், இவுக படுக்கப் போறாவளாம்." தங்கபுஷ்பம் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஏன், இந்த ஊர்ல வேற யாரும் சும்மா இல்லியா?"

அது சலிப்பாகச் சொன்னதுதான். ஆனால் அவர் பெயர் கேட்பவர் பட்டியலில் இருந்தது. எழுப்பும் அறையில் ஒலிவாங்கி இருந்தது. மெத்தனம் தன் வாழ்நாளில் சந்தித்திராத கேள்வி. குடியிருப்பு முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டவுன் பஸ் குரல் சொன்னது: "ரெண்டு பேர். மரகதம், நிரலாளர். இம்மானுவேல், நிரலாளர். இருந்த ஒரு பிழையும் தீந்தாச்சு. இப்போதைக்கு கேட்பாரில்லை."

இம்மானுவேல் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. செல்லப்பாண்டி பயந்துபோய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒருத்தர் போதும்," என்றான் இம்மானுவேல், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீதான்க்கா சீனியர்."

"அந்த நாப்பது பேரு?"

"தங்கபுஷ்பம் அக்கா ஒவ்வொருத்தர் பேரா சொல்லி விசாரிச்சா போதும், குப்பை வண்டி கைய வைக்காது. கோடிங் நான் பாத்துக்கறேன்."

"விசாரிக்கதுக்கு என்ன," என்றார் தங்கபுஷ்பம். "ஆனா எந்திரிக்க இஷ்டம் இல்லாதவள நான் எழுப்ப மாட்டேன். ஊருக்குப் போணும்னு சொல்லுதவள நிறுத்தவும் மாட்டேன். முதல்ல ஒவ்வொருத்தியா கேக்கணும்."

"கேக்கணும்னா எழுப்பணுமேக்கா?"

"அஞ்சு நிமிசம் முழிச்சா போதும்லா? அதுக்கு ஆகுற காத்துக்கு, நீ அஞ்சு நிமிசம் பேசாம இரு."

இம்மானுவேலை இப்படி வாயடைத்து நான் பார்த்ததில்லை.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். இத்தனை வருடத்தில் பிறரைப் படுக்க வைத்த நிரலுக்குள் நான் படுப்பது இது முதல் முறை. மெத்தை நினைத்ததைவிட மிருதுவாக இருந்தது. உள்ளே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பிழையே வராவிட்டால் என்னை எவரும் கேட்க மாட்டார்கள். இம்மானுவேல் எழுதும் நிரலில் பிழை வராமல் போகாது என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

தங்கபுஷ்பம் வந்து குனிந்தார். போர்வையின் ஓரத்தை என் காலுக்கு அடியில் செருகிவிட்டார். "மேடம், ஒங்கள எப்ப எழுப்பணும்?"

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இந்த மொழியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை எழுதிக்கொள்ள அதில் ஓர் இடம் கிடையாது. என்னையும் யாரும் கேட்டதில்லை.

"எதுக்கு எழுப்பணும்னு கேக்கலீங்களா?"

"அது எந்திரிச்ச பொறவு பாத்துக்கிடலாம். எப்பன்னு சொல்லுங்க."

யோசித்தேன். வெட்கத்தை விட்டுவிட்டு, வேண்டியதை யோசித்தேன். "மூணு மாசம் கழிச்சுங்க. காலைல வேண்டாம். ஒரு ஒம்பது மணிக்கு மேல."

"ஒம்பதரைன்னு வச்சுக்கிடுவோம்," என்று சொல்லிவிட்டு மூடியை அவரே இறக்கினார்.